பனிக்குப் போர்த்திய கார்

அண்ணன் அந்தக் காரை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் பிரான்சுக்குத் திரும்பிய அன்று நான் அழுதேன். அண்ணன் போகிற வருத்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி, இந்தக் காரை வைத்துக்கொண்டு இனிமேல் நான் என்ன செய்யப்போகிறேன் என்ற மலைப்பு.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் கடற்கரைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் குடியிருந்தோம். நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீட்டுக்காரருக்குக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை. அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனாரும் எங்களோடுதான் இருந்தாள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள். ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பாண்டிச்சேரியில், பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த குடும்பத்தில் பெண் எடுத்தார். அந்த வழியில் அவருக்கும் அங்கே போக வாய்த்தது. பாரிசுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆடி, ஆவணி வாக்கில் லீவில் வருவார். அந்தத் தடவை வாடகைக் காருக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்து எரிச்சலாகி, நாகப்பட்டினத்தில் ஒருவர் விற்ற பழைய கருநீலக் காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஐந்து வாரம் அதில் சுற்றினார். ஊருக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்தார்.

"வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணச் சொல்லும்மா. நல்லது கெட்டதுக்கு நீங்களும் எடுத்துக்குங்க. அடுத்த தடவ நான் வர்றப்ப வண்டி இப்பிடியே இருக்கணும்."

"நிறுத்த எடமில்லியே அண்ணே. தெருவுலதான நிக்கணும்?"

"எனக்கு அங்க மட்டும் என்னா கொட்டகையா இருக்கு? நானும் தெருவுலதான் விடறேன்."

அதற்குமேல் பேச இடமில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே இருந்த மண்தரையில் காரை நிறுத்தினார்கள். வாசற்படியின் ஒரு பக்கம் அடைபட்டுப் போனது. அன்றிலிருந்து சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றும்போதெல்லாம் அதன் பெடல் என் கணுக்காலில் இடித்தது.

பட்டினத்தில் கார் பழுது பார்க்கிற ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து காரைக் கிளப்பி, கடற்கரை வரை ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஐப்பசி மழை முடியும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. மார்கழி பிறந்ததும் ஆரம்பித்தது.

எங்கள் ஊர்ப் பனி எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது ஒன்றும் கட்டியாக இறங்குவதில்லை. ஆனால் விடிகிற நேரத்தில் ஓட்டிலிருந்து சொட்டும். கொடியில் மறந்துபோன துணியைப் பிழிந்து எடுக்கலாம். கடலுக்கு ஒரு மைல்கூட இல்லை என்பதால் வாடைக்காற்றில் உப்பும் சேர்ந்து வரும். சன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அப்படிப்பட்ட ஈரம் முழுவதும் அந்தக் காரின் மேல் இறங்கி, எட்டு மணி வெயிலில்தான் காய்ந்தது. காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு விட்டுப் போயிற்று. நான் விடிகாலையில் எழுந்து, ஒரு வாளி நல்ல தண்ணீரும் பழைய வேட்டித் துணியுமாகக் காரைத் துடைத்தேன். அப்புறம் சமைத்து, குளித்து, பள்ளிக்கூடம் ஓடினேன். ஒரு வாரம் ஆனதும் இடுப்பு விட்டுப்போனது.

நீல வான்தபால் காகிதத்தில் அண்ணனுக்கு எழுதினேன். என்ன எழுதினேன் என்பது எனக்கு இன்னும் மனப்பாடம். பின்னால் அதை வைத்து அத்தனை சண்டை நடந்ததே! "இங்கே இந்த வருடம் பனி அதிகம். விடியும்போது கார் முழுக்கப் பனியாக இருக்கிறது. வெயில் வந்த பிறகுதான் போகிறது. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்."

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அண்ணன் இவ்வளவு நீளமாக எனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. சாயங்காலமே கண்ணாடியின் மேல் அட்டையோ செய்தித்தாளோ வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பனி உறைந்து கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்தி வைக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் ரப்பர் கிழிந்துவிடும். பூட்டுத் துவாரத்தில் எண்ணெய் விட வேண்டும். என்ன அவசரமாக இருந்தாலும் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணாடி வெடித்துவிடும். இந்தக் கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

வீட்டுக்காரர் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பட்டினத்துல பனி உறையுதாமே! ஒங்க அண்ணன் ஊர மறந்துட்டாரு."

"சிரிக்காதீங்க. அவங்க அங்க தெனம் கார் வச்சிப் பொழங்கறவங்க. ஏதோ காரணம் இருக்கும்."

அப்படிச் சொன்னேனே தவிர எனக்கும் புரியவில்லை. இருந்தாலும் செய்தேன். அண்ணன் சொல்லி ஒன்றைச் செய்யாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பழைய செய்தித்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, பறக்காமல் இருக்க ஓரங்களில் ஓட்டுச் சில்லு வைத்தேன். காலையில் பார்த்தால் காகிதம் ஊறிக் கூழாகிக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. கையால் உரித்தால் துண்டு துண்டாக வந்தது. கடைசியில் தோசைத் திருப்பியைக் கொண்டுவந்து சுரண்டினேன். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை அந்த வழியாகக் கோயிலுக்குப் போனவர் நின்று பார்த்துவிட்டு, "காலங்காத்தால என்னா டீச்சர், கார்லயே தோசை சுடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று பள்ளிக்கூடம் முழுவதும் அதுதான் பேச்சு. கண்ணாடியில் திருமண விளம்பரம் ஒன்று திருப்பிப்போட்ட எழுத்தில் பதிந்து, ஒரு வாரம் போகவே இல்லை.

தூக்கி நிறுத்திய வைப்பரில் ஒன்றை, வைக்கோல் ஏற்றிப்போன வண்டி இடித்து மடக்கிவிட்டது. "இங்கே பனி உறையாது அண்ணே, ஈரமாகத்தான் நிற்கும், உப்பும் சேருகிறது" என்று மறுபடியும் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை.

சரி, நாமே ஒரு வழி செய்துகொள்வோம் என்று தோன்றியது. நான்கு மூங்கில் நட்டு, மேலே தென்னங்கீற்று வேய்ந்து, காரளவுக்கு ஒரு பந்தல் போட்டோம். சுற்றிலும் திறப்பு, காற்று தாராளமாகப் போகும். மறுநாள் விடிகாலை வாளியோடு வெளியே போய்க் கூரைமேல் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சுற்றிவந்து கதவுகளைத் தடவினேன். அங்கேயும் ஈரமில்லை. தண்ணீரை வாசலுக்குத் தெளித்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து நிதானமாகக் காபி குடித்தேன். அந்தப் பனிக்காலத்தில் நான் உட்கார்ந்து குடித்த முதல் காபி அதுதான்.

பதினைந்து நாள்கூட நிலைக்கவில்லை. சாக்கடை ஓரத்தில் கால் நட்டுப் பொதுவழியை அடைத்திருப்பதாக யாரோ மனுக் கொடுத்துவிட்டார்கள். மனுப் போனது என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அதே அலுவலகத்துக்கு. மேலதிகாரி கூப்பிட்டு, "நம்ம ஆபீஸ் ஆளே இப்பிடிச் செஞ்சா நாளைக்கு யாரப் போயி நாம கேக்குறது?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரே கயிற்றை அறுத்துக் கீற்றைப் பிரித்தார்.

"ஒரு மாசம் தவணை கேட்டிருக்கலாம்ல? பங்குனி வந்தா பனியே இருக்காது."

"என்னான்னு கேக்கச் சொல்றே? மச்சான் காரு நனையுதுன்னா?"

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் மேல் தப்பில்லை என்று தெரியும். தெரிந்தும் பேசப் பிடிக்கவில்லை.

அடுத்த கார்த்திகையில், பாரிஸ் பக்கம் அண்ணனோடு இருந்த பட்டினத்துக்காரர் ஒருவர் லீவில் வந்தார். அண்ணன் கொடுத்தனுப்பியதாக ஒரு பெரிய பொட்டலத்தை இறக்கினார். பிரித்தால் காருக்கு மேலிருந்து கீழ்வரை போர்த்துகிற உறை. வெளியே வெள்ளிக் காகிதம் மாதிரிப் பளபளப்பு, உள்ளே தடித்த பிளாஸ்டிக், அடியில் சுற்றிலும் எலாஸ்டிக். அதோடு வந்த அட்டையில் ஒரு படம் போட்டிருந்தது. வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்த தெருவில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவன் உறையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்தைப் பார்த்ததும்தான் அண்ணன் எந்தப் பனிக்கு எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார் என்பது முழுதாக விளங்கியது.

கூட ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. "இதற்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். இதைப் போட்டால் பனி கிட்டே வராது. எப்போதும் போட்டே வைக்கவும். ஞாயிறு மட்டும் எடுத்தால் போதும்."

பாய் அந்த உறையை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார்.

"டீச்சர், இது கட்டிப் பனிக்குச் செஞ்சது. அங்க மேலேர்ந்து விழுறதத் தடுத்தாப் போதும். நமக்குத் தரையிலேர்ந்தும் ஈரம் ஏறுதுல்ல? இதப் போட்டு இறுக்கிட்டா வண்டி உள்ளயே வேர்த்துப் போயிரும்."

"அண்ணனுக்கு எழுதட்டுமா பாய்?"

"எழுதுங்க. ஆனா நான் சொன்னேன்னு எழுதாதீங்க. அவங்க பெரிய கம்பெனில இருக்கறவங்க."

எழுதினேன். அந்த முறை சீக்கிரமே பதில் வந்தது. "இந்த நாட்டுக்காரன் ஒன்றும் தெரியாமலா செய்திருப்பான்? நீ எல்லாவற்றுக்கும் ஒரு மறுபேச்சு வைத்திருக்கிறாய். சொன்னதைச் செய்."

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்படியில் நின்றேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. நாற்பத்தைந்து பிள்ளைகள் இருந்த வகுப்பு என் ஒரு பார்வைக்கு அடங்கும். ஆனால் என் வாசலில் இறங்குகிற பனி எப்படிப்பட்டது என்று சொல்ல எனக்கு வாயில்லை. உறையைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

பாய் சொன்னதுதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை உறையைத் தூக்கினால் அதன் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் சரசரவென்று வடியும். காருக்குள் இருக்கையெல்லாம் பூசணம் பிடித்து ஈரச்சாக்கு நாற்றம் அடித்தது. பகல் வெயிலில் உறை சூடேறி உள்ளே இருந்த ஈரத்தை வேகவைத்தது. காரின் முன்மூடியில் வண்ணத்துக்கு அடியில் கடுகளவில் சில கொப்புளங்கள் தெரிந்தன. விரலால் அழுத்தினால் அமுங்கின. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி உறையை இழுத்து மூடினேன்.

தை மாதம் நாத்தனாருக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் காரைக்காலுக்கு வடக்கே பூவம். அந்த ஊர்க்கோயிலிலேயே தாலி கட்டுவது, ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம் என்று பேசியிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு அவள் ஒரே தங்கை. அம்மா அப்பா கிடையாது. பேச்சுவார்த்தையின்போது மாப்பிள்ளை வீட்டில் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு கார்ல வந்து எறங்கும்" என்று சொல்லிவிட்டார். அண்ணனைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். ஆனால் அண்ணன்தானே சொல்லியிருக்கிறார், நல்லது கெட்டதுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஒன்றரை வருடமாக அந்தக் காருக்கு ஊழியம் செய்தேன். ஒரு நாள் அது எங்களுக்கு உழைத்தால் என்ன?

முந்தின ஞாயிறு பாய் கிளப்பிப் பார்த்தார். நான்கைந்து இழுப்பில் கிளம்பியது. கல்யாணத்தன்று காலை ஆறரைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பனி கொஞ்சநஞ்சமில்லை, எதிர்வீடு தெரியவில்லை. உறையை எடுத்தோம். அதிலிருந்து கொட்டிய தண்ணீர் என் பட்டுப்புடவையின் கொசுவத்தை நனைத்தது. நாத்தனார் தலை நிறையப் பூவும் மாலையுமாக வந்து பின்னிருக்கையில் விரித்த ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்தாள்.

பாய் சாவியைத் திருப்பினார். கார் இழுத்தது, கிளம்பவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும் இழுப்புத்தான். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு அந்தச் சத்தமும் மெலிந்துகொண்டே போயிற்று.

முன்மூடியைத் திறந்தார். உள்ளே இரும்பெல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. "கரண்டு போற எடமெல்லாம் ஒரே ஈரம் டீச்சர். காஞ்ச துணி இருந்தா குடுங்க" என்றார். வீட்டிலிருந்த துணிமணி எல்லாம் மூட்டையாகி முதல் பஸ்ஸிலேயே பூவத்துக்குப் போய்விட்டது. நான் என் முந்தானையைக் கொடுத்தேன். அவர் கூசினார். அவர் காட்டிய கறுப்பு மூடியை நானே பிடுங்கிக்கொண்டு முந்தானையால் அதன் உள்பக்கத்தைத் துடைத்தேன். வெங்காயச் சருகு நிறப் பட்டில் கறுப்பு மை ஏறியது. அந்தக் கறை அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

"தள்ளிப் பாப்பம்" என்றார் வீட்டுக்காரர். உறவுக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். கார் தெருமுனை வரை போனது. பொருமியது. ஒரு தடவை படாரென்று புகை விட்டது. எல்லோரும் "கெளம்பிருச்சி, கெளம்பிருச்சி!" என்று கத்தினார்கள். கிளம்பவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பெண், "அண்ணி, நேரமாயிருச்சி, நான் எறங்கட்டுமா?" என்று சன்னல் வழியாகக் கேட்டாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் எனக்காகப் பயந்துகொண்டிருந்தாள்.

ஏழேகாலுக்கு நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே போகிற பஸ் வந்தது. மாலையும் கழுத்துமாக அவளை ஏற்றினோம். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காரைக்கால் தாண்டி, கோட்டுச்சேரி தாண்டிப் போகிறவரை பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்றவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பூவத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாலைக்கே வந்து ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். பஸ் நின்றதும், வேறு யாரோ இறங்குகிறார்கள் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். எல்லோருடைய கண்ணும் பஸ்ஸுக்குப் பின்னால் காரைத் தேடிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண் அவர்கள் நடுவிலேயே வந்து நின்ற பிறகுதான் ஒரு பெரியம்மா, "இதோ பொண்ணு!" என்றார். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகமாகத்தான் ஆரத்தி சுற்றினார். சுற்றிக்கொண்டே, "கார்ல வர்றதாச் சொன்னாங்க?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போனது. தாலி நேரத்துக்குக் கட்டினார்கள். எல்லாம் நன்றாக நடந்தது. கறைபட்ட முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பந்திக்கு உட்கார்ந்தேன்.

மறுநாள் அந்த உறையைச் சுருட்டிப் பரணில் போட்டேன். அண்ணனைக் கேட்கவில்லை. வெளிச்சத்தில் காரைச் சுற்றிவந்து பார்த்தபோது முன்மூடி முழுவதும் அம்மை போட்ட மாதிரி இருந்தது. கதவுகளின் அடி ஓரம் துருவேறிப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. எழுத உட்கார்ந்தேன். மூன்று காகிதம் கிழித்தேன். கடைசியில் கல்யாணம் நல்லபடி முடிந்தது என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

ஆடியில் அண்ணன் அண்ணியோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்கினார். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் காருக்குத்தான் போனார். குனிந்து கதவின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. வந்து கை கழுவினார். காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தபிறகு கேட்டார்.

"ஏம்மா, ரெண்டு வருஷம். ஒரே ஒரு வண்டியப் பாத்துக்க முடியலியா ஒன்னால?"

நான் அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. உள்ளே போய்ப் பீரோவிலிருந்து அவருடைய கடிதங்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டேன்.

"கண்ணாடிமேல காகிதம் வையின்னீங்க, வச்சேன். வைப்பரத் தூக்குன்னீங்க, தூக்கினேன். இங்க உறையாதுன்னு எழுதினேன், பதில் இல்ல. போத்தினா வேர்க்கும்னு எழுதினேன், மறுபேச்சு பேசறேன்னீங்க. நான் என்னா செய்யல, சொல்லுங்க அண்ணே."

"நீதான பனின்னு எழுதினே? கார் முழுக்கப் பனின்னு எழுதினேல்ல?"

"பனியப் பனின்னு எழுதாம வேற என்னன்னு எழுதறது?"

அண்ணி சட்டென்று சிரித்துவிட்டார். உடனே வாயை மூடிக்கொண்டார். ஆனால் அந்தச் சிரிப்பு அண்ணனை இன்னும் கிளறிவிட்டது.

"ஒங்களுக்கெல்லாம் தெரியாது. அங்க பொழுது விடியறதுக்கு முன்னாடி எறங்கி வந்து அந்தக் கண்ணாடியச் சுரண்டறேன். கை மரத்துப் போயிரும். சாவி பூட்டுக்குள்ள போகாது. மூணு நாள் வேலைக்கு லேட்டு. நாலாவது நாள் போனா ஆளே வேணாம்பான். ஒன் லெட்டர் வந்த அன்னைக்கு அப்பிடித்தான், ஒரு வசவு வாங்கிட்டு வந்து பிரிக்கறேன், இங்கயும் பனின்னு எழுதியிருக்கே. எனக்கு வேற என்னா தோணும்? ஊர்ல கெடக்கற இந்த ஒரு வண்டியாச்சும் நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவர் கையைப் பார்த்தேன். முட்டிகளில் தோல் வெடித்து வெள்ளைக் கோடாக ஆறியிருந்தது. ஒரு கணம் இரக்கமாகத்தான் இருந்தது. இருட்டில் தனியாக நின்று அவர் சுரண்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. தான் தப்பாக நினைத்துவிட்டதாக அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் கரைந்திருக்கும். எழுந்தார், சட்டையை மாட்டிக்கொண்டார்.

"பாய் எங்க இருப்பாரு?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

காரைப் பட்டறைக்கு இழுத்துப்போனார்கள். துருப்பிடித்த இடத்தை வெட்டித் தகடு வைத்து, வேறொரு நீலத்தில் வண்ணம் அடித்துக் கொண்டுவந்தார்கள். மூன்று வாரம் அதில் பிள்ளைகளை வேளாங்கண்ணிக்கும் தரங்கம்பாடிக்கும் கூட்டிப்போனார். என்னையும் கூப்பிட்டார். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஆடி மாதத்தில் எந்தப் பரீட்சை என்று அவர் கேட்கவில்லை. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் காரை யாருக்கோ கைமாற்றிவிட்டார். எனக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது இடம் காலியாக இருந்தது. தரையில் எண்ணெய் சொட்டிய கறுப்பு வட்டம் மட்டும் கிடந்தது.

"இப்ப வாசல் விசாலமா இருக்குல்ல?" என்றார் அண்ணன்.

அவர் சமாதானமாகத்தான் அதைச் சொன்னார் என்று வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். இருக்கலாம். அன்று எனக்கு அது குத்தலாகத்தான் பட்டது. "ஆமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அதற்குப் பிறகும் கடிதம் வந்தது. பிள்ளைகள் படிப்பு, அண்ணியின் மூட்டுவலி, அங்கே விலைவாசி என்று எழுதுவார். நானும் ஊர்ச் செய்தி எழுதுவேன். இரண்டு பேருமே காகிதத்தின் முக்கால் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். பனிக்காலத்தில் எழுதும்போது வானிலையைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதுவதில்லை.

அடுத்த தடவை லீவில் வந்தபோது பாண்டிச்சேரியில் மாமியார் வீட்டில் தங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு நாள் வாடகைக் காரில் வந்தார்கள். வஞ்சிர மீன் குழம்பும் வறுவலும் செய்திருந்தேன். அண்ணன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். நாத்தனாரின் குழந்தையைப் பற்றி விசாரித்தார். மூன்று மணிக்கு, "டிரைவர் காத்திருக்காரும்மா" என்று எழுந்தார்.

கார் தெரு திரும்பியதும் வீட்டுக்காரர் சொன்னார்: "ஒரு ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம். இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.